காப்பாற்ற நின்ற கப்பல்கள்

சூட்டிகையும் துணிவும் மிக்க ஒருவனை “அவன் பெரிய எம்டன்” என்று சொல்லும் வழக்கம் நம் நாட்டுத் தமிழரிடையே உண்டு. அச்சொல் எங்கிருந்து வந்தது என்று அறியாதவரும் அதனை வழங்குவர். எம்டன் என்பது ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22ஆம் நாள் இரவு அக்கப்பல் சென்னைக் கரையை அணுகி, அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகளைப் பீரங்கியாற் சுட்டு எரித்தது. பின்னர் இலங்கைக் கடற்பரப்பிலே திரிந்து வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. அந்நாளிற் கரையோர மக்கள் கொண்ட அச்சமும் வியப்புமே பின்பு ஒரு சொல்லாகி நம் மொழியில் நிலைத்துவிட்டன.

அதே செப்டெம்பர் 22ஆம் நாள் காலையில், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ஐரோப்பாவின் வட கடலில் மற்றொரு ஜேர்மன் கலம் செய்த செயல் எம்டனின் செயலினும் பன்மடங்கு பெரியது. அதன் பெயர் ‘யூ-9’. அது ஒரு நீர்மூழ்கி. இரும்புச் சிலுவை என்னும் விருது போரில் வீரம் காட்டிய மனிதருக்கு வழங்கப்படுவது. ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் அவ்விருதைக் கலங்களுக்கே வழங்கியது இருமுறைதான். ஒன்று எம்டனுக்கு, மற்றொன்று யூ-9க்கு. எம்டனை அறிந்த நாம் அதனோடு ஒருங்கு விருது பெற்ற இந்தச் சிறு கலத்தை அறியாதிருப்பது ஒரு குறையே. அதன் வரலாறு வீரக் கதையாக மட்டும் நில்லாமல், போரையும் அருளையும் பற்றிய ஒரு கடினமான வினாவை நம்முன் வைக்கின்றது. ஆதலின் மாணவர்களும் பெற்றோரும் ஒருங்கிருந்து சிந்தித்தற்கு உரியது.

நீருக்குள் மறைந்து சென்று பகைவனைத் தாக்கும் எண்ணம் ஜேர்மனியருக்கு இருபதாம் நூற்றாண்டில் தோன்றியதன்று. 1850இல் வில்லியம் பவர் என்னும் படைவீரர் ஒருவர் கீல் நகரில் ஒரு மூழ்குகலத்தைக் கட்டுவித்தார். 1851ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் நடந்த சோதனையில் அது துறைமுகத்தின் அடியிற் சென்று தங்கிவிட்டது. உள்ளே பவரும் வேறிருவரும் இருந்தனர். வெளியிலுள்ள நீரின் அழுத்தத்தினால் மேற்கதவைத் திறக்க முடியவில்லை. நீரை உள்ளே புகவிட்டு, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமாகும்வரை பொறுத்திருந்தால் கதவு திறக்கும் என்று பவர் கணித்தார். மார்பளவுக்கு மேல் நீர் ஏறும்போது பொறுமையோடிருப்பது எளிதா? ஆயினும் கணக்குப் பிழைக்கவில்லை; மூவரும் உயிரோடு மேலே வந்தனர். மூழ்கிய அக்கலம் 1887இல் மீட்கப்பட்டு, பிற்காலத்தில் டிரெஸ்டன் நகரிலுள்ள போர் வரலாற்று அரும்பொருட்சாலையிற் பேணி வைக்கப்பட்டது.

அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தே ஜேர்மன் கடற்படை நீர்மூழ்கிகளைக் கைக்கொண்டது. கடற்படை அமைச்சராயிருந்த திர்பிற்ஸ் பிரபு பெரும் போர்க்கப்பல்களிலேயே நாட்டம் கொண்டவர். பயன் உறுதிப்படாத புதுக் கருவிகளுக்குப் பணம் செலவிட அவர் விரும்பவில்லை. பிரான்சும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் நீர்மூழ்கிகளைச் சேர்த்துக்கொண்ட பின்னரே, 1906ஆம் ஆண்டு டிசெம்பரில், ‘யூ-1’ ஜேர்மன் கடற்படையிற் சேர்ந்தது. நீரடிப் படகு என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்தே இந்த ‘யூ’. போருக்குச் செல்லாமற் பயிற்சிக்கே பயன்பட்ட யூ-1 மியூனிக் நகரிலுள்ள ஜேர்மன் அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டது. அங்கே அதன் பக்கச் சுவர் வெட்டித் திறக்கப்பட்டிருத்தலால், அக்காலத்து நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் மனிதர் எவ்வாறு அடைபட்டிருந்தனர் என்பதைக் காண்போர் கண்கூடாக அறியலாம்.

யூ-9, டான்சிக் நகரிலிருந்த பேரரசின் கப்பற் கட்டுந்துறையிலே கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்பின் போலந்துக்குரியதாகிக் கிடான்ஸ்க் என வழங்கலான நகரம் அது. 1910 பெப்ரவரியில் நீரில் இறக்கப்பட்ட கலம் அவ்வாண்டு ஏப்பிரலிற் சேவைக்கு வந்தது. நீளம் 57 மீற்றர். அகலம் 6 மீற்றர். நீர்மேல் இருக்கையில் அதன் எடை 493 தொன். முன்புறத்தில் இரண்டும் பின்புறத்தில் இரண்டுமாக நான்கு குழாய்கள். அவற்றின் வழியே ஏவுதற்கு ஆறு டோர்ப்பீடோக்கள். டோர்ப்பீடோ என்பது தானே நீந்திச் சென்று கப்பலின் வயிற்றில் மோதி வெடிக்கும் ஒருவகை நீரடி வெடிகலம். கலத்தைச் செலுத்தியோர் ஏறக்குறைய முப்பது பேர்.

நீர்மூழ்கி எவ்வாறு இயங்குகின்றது என்பதை மாணவர்கள் இங்கே அறிந்துகொள்ளல் நன்று. எரிபொருளை எரிக்கும் எந்திரத்துக்குக் காற்று வேண்டும். நீருக்கடியிற் காற்று ஏது? ஆதலின் நீர்மேற் செல்லும்போது எண்ணெய் எந்திரம் கலத்தை ஓட்டும். அதே வேளையில் மின்கலங்களிலே மின்னை நிரப்பியும் வைக்கும். மூழ்கிய பின்னர் அம்மின்னைக் கொண்டு மின்மோட்டர்கள் ஓட்டும். நிரப்பிய மின் தீர்ந்துவிட்டால், பகைவன் தலைக்குமேல் நின்றாலும் கலம் மேலே வந்தே தீரவேண்டும். யூ-9 நீர்மேல் மணிக்குப் பதினான்கு கடல்மைலும், நீரடியில் எட்டுக் கடல்மைலும் செல்லவல்லது. ஆயின் நீரடியில் ஐந்து மைல் வேகத்திற் சென்றாலும் எண்பது கடல்மைல் தொலைவுக்குள் மின் முழுதும் தீர்ந்துவிடும்.

அதன் எந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. பெற்றோல் ஆவி அடைபட்ட இடத்தில் எளிதிற் பற்றிக்கொள்ளும் என்று அஞ்சியும், டீசல் எந்திரம் நீர்மூழ்கிக்கேற்ற அளவு அக்காலத்திற் செப்பம் பெறாமையாலும், ஜேர்மனியர் மண்ணெண்ணெயைத் தெரிந்தெடுத்தனர். அவ்வெந்திரம் பகலில் வெண்புகையைக் கக்கும்; இரவில் தீப்பொறியைச் சிந்தும்; தொலைவிலே கேட்கும்படி இரையும். மறைந்து செல்லவேண்டிய கலம் தன் வருகையைத் தானே பறைசாற்றிக்கொண்டு சென்றது எனலாம். மூழ்குதற்கு முன் புகைபோக்கியை மடக்கி வைக்கவேண்டும். உள்ளே ஈரக்கசிவு, குளிர்ந்த இரும்புச் சுவர்களில் மூச்சுக்காற்று நீர்த்துளியாகத் திரண்டு உறங்குவோர் முகத்திலே சொட்டும். எண்ணெய் நாற்றமும் மின்கலங்களின் நெடியும் ஒருங்கு கலந்திருக்கும். 1913இல் ‘யூ-19’ டீசல் எந்திரத்தோடு வந்தபோதே யூ-9 பழைய கலமாகிவிட்டது. போர் மூண்டபோது அதனிடம் எவரும் பெருஞ்செயல் எதனையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கலத்தின் தலைவன் ஒட்டோ வெடிகன். 1882இல் வெஸ்ட்பாலியாவிலுள்ள ஹேர்போட் என்னும் ஊரிற் பிறந்தவன். போர் தொடங்குதற்குச் சில வாரங்களுக்கு முன், 1914ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அவனுடைய மாலுமிகள் ஓர் அரிய பயிற்சியைச் செய்து முடித்தனர். ஏவிய குழாயில் மறுபடியும் டோர்ப்பீடோவை நிரப்புதற்கு அதுவரையில் நீர்மூழ்கிகள் மேலே வரவேண்டியிருந்தது. யூ-9 நீருக்கடியில் இருந்தவாறே குழாயை மீண்டும் நிரப்பியது. வேறெந்த நீர்மூழ்கியும் அதற்குமுன் அதனைச் செய்ததில்லை. சிறு செய்தியாகத் தோன்றும் இது, இரண்டு மாதங்களில் ஆயிரக்கணக்கான உயிர்களின் விதியைத் தீர்மானிப்பதாயிற்று.

போரின் தொடக்கம் யூ-9க்கு நற்பெயர் தரவில்லை. ஆகஸ்ட் 6ஆம் நாள் பத்து நீர்மூழ்கிகள் பிரித்தானியக் கடற்படையைத் தேடி வட கடலுக்குப் புறப்பட்டன. யூ-9 எந்திரக் கோளாறினால் இடைவழியில் திரும்பியது. சென்றவற்றுள் இரண்டு மீளவேயில்லை. அவற்றுள் ஒன்றான யூ-15ஐப் பேர்மிங்ஹாம் என்னும் பிரித்தானியக் கப்பல் மோதிப் பிளந்து அழித்தது. நீர்மூழ்கிகளால் ஆவது யாதுமில்லை என்று கருதுவோர்க்கு இது சான்றாக அமைந்தது. அந்த ஆகஸ்டிலேயே வெடிகன் திருமணமும் செய்துகொண்டான்.

இனி, அவன் எதிர்கொண்ட கப்பல்களைப் பார்ப்போம். அபூக்கிர், ஹோக், கிரெசி என்பன அவற்றின் பெயர்கள். ஒவ்வொன்றும் 12,000 தொன் எடையுள்ள கவசக் குரூசர். நூற்றாண்டின் திருப்பத்திலே கட்டப்பட்டவை. 1914இல் அவை மூப்படைந்துவிட்டன. அவற்றில் இருந்தோருட் பெரும்பாலார் சேவையை விட்டு வீடு சென்று, போர் வந்ததும் மீண்டும் அழைக்கப்பட்ட குடும்பத் தலைவர்கள். அவர்களோடு டாட்மவுத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேரே அனுப்பப்பட்ட பதினைந்து வயதளவிலான மாணவர்களும் இருந்தனர். இன்று நம் வகுப்பறைகளிலே அமர்ந்து கேத்திரகணிதம் பயிலும் பிள்ளைகளின் வயது அது.

ஒல்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள கடற்பரப்பைக் காவல் செய்வதே இம்மூன்று கப்பல்களின் பணி. பகைவரின் துறைமுகங்களுக்கு அவ்வளவு அண்மையில் இப்பழைய கப்பல்களை நிறுத்துவது பேராபத்து என்று பிரித்தானிய அதிகாரிகள் சிலரே எச்சரித்திருந்தனர். கடற்படையினர் அவற்றுக்குத் ‘தூண்டிலின் உயிரிரை’ என்னும் பொருள்பட ஒரு பட்டப்பெயரும் இட்டிருந்தனர். கடற்படை அமைச்சராயிருந்த சேர்ச்சிலும் அவற்றை அங்கிருந்து அகற்றவேண்டும் என்று செப்டெம்பர் 18ஆம் நாள் எழுதினார். ஆயினும் கட்டளை செயலாகவில்லை. காவலுக்கு உடன்செல்லும் விரைவுகலங்கள் புயலினால் துறைமுகத்திலே தங்கிவிட்டன. துணைத் தளபதியின் கப்பலும் நிலக்கரி ஏற்றுதற்காகத் திரும்பிவிட்டது. அபூக்கிரின் தலைவர் டிரமண்ட் பொறுப்பேற்றிருந்தார். மூன்று கப்பல்களும் மணிக்குப் பத்துக் கடல்மைல் வேகத்தில், இரண்டிரண்டு மைல் இடைவெளியில், வளைந்து நெளிந்து செல்லாமல் நேர்க்கோட்டிலே சென்றுகொண்டிருந்தன. அத்தகைய கொந்தளிப்பில் நீர்மூழ்கி இயங்காது என்பது அவர்கள் எண்ணம்.

அப்புயலுக்கு ஒதுங்கிக் கடலடியிலே தங்கியிருந்தது யூ-9. செப்டெம்பர் 22 விடியற்காலையிற் புயல் தணிந்தது. கலம் மேலே வந்தபோது அடிவானத்திற் பாய்மரக் கம்பங்களும் புகையும் தோன்றின. வெடிகன் உடனே மூழ்குமாறு பணித்தான். பெரிஸ்கோப் என்னும் கண்ணாடிக் குழாயைச் சில கணங்களுக்கு மட்டும் உயர்த்திப் பார்ப்பதும் தாழ்த்துவதுமாக, நடுக்கப்பலை நெருங்கினான்.

காலை 6.20. ஏறக்குறைய 550 யார் தொலைவிலிருந்து ஏவப்பட்ட ஒரு டோர்ப்பீடோ அபூக்கிரின் பக்கத்திற் பாய்ந்தது. கப்பல் கண்ணிவெடியில் மோதியதென்றே அதிலிருந்தோர் எண்ணினர். கப்பல் சாயத் தொடங்கியது; இறக்கக்கூடிய படகுகளோ மிகச் சில. உதவிக்காக ஹோக்கும் கிரெசியும் அணுகின. 6.55 மணியளவில் அபூக்கிர் கவிழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் குளிர்ந்த நீரில் மிதந்தனர்.

ஹோக் கப்பலின் தலைவர் நிக்கல்சன் நீர்மூழ்கி இருத்தலும் கூடும் என்பதை உணர்ந்திருந்தார். இருந்தும் தம்மவர் கண்முன்னே நீரில் துடிக்கையில் விட்டுச் செல்ல அவர் மனம் இசையவில்லை. கப்பலை நிறுத்திப் படகுகளை இறக்குவித்தார்; மரப்பலகைகளையும் நாற்காலிகளையும் மிதப்பதெல்லாவற்றையும் நீரில் எறிவித்தார். நீருக்கடியிலே யூ-9இன் மாலுமிகள் இதற்குள் வெறுங்குழாயை மீண்டும் நிரப்பிவிட்டனர். ஜூலை மாதத்துப் பயிற்சி இங்கே பயன்பட்டது. 300 யார் தொலைவிலிருந்து இரண்டு டோர்ப்பீடோக்கள் ஹோக்கின்மேற் பாய்ந்தன.

இரண்டின் பாரமும் ஒருங்கே நீங்கியதனால் நீர்மூழ்கியின் முன்பகுதி இலேசாகி மேலெழுந்து நீர்மட்டத்துக்கு வெளியே தோன்றியது. இடம்பெயர்த்த நீரின் எடைக்கும் கலத்தின் எடைக்கும் உள்ள சமநிலை குலைந்தால் யாது நிகழும் என்பதை ஆர்க்கிமிடீசின் தத்துவம் கற்ற மாணவர் அறிவர். ஹோக்கின் பீரங்கிகள் உடனே அதனை நோக்கிச் சுட்டன. மூழ்கும் கப்பலிலிருந்து சுட்ட குண்டுகள் குறி தப்பின. யூ-9 மீண்டும் மறைந்தது. சில நிமிடங்களில் ஹோக் கவிழ்ந்தது, 7.15 மணியளவில் முற்றாக மறைந்தது.

எஞ்சியது கிரெசி. அதன் தலைவர் ஜோன்சனுக்கு இப்பொழுது ஐயமே இல்லை; நீர்மூழ்கியைக் கண்டு சுட்டும் பார்த்தார், மோதவும் முயன்றார். ஆயின் அவருடைய படகுகளெல்லாம் மற்றை இரு கப்பல்களின் மாலுமிகளை ஏற்றுதற்குச் சென்றிருந்தன. கடல் முழுதும் மனிதத் தலைகள். அவரும் விட்டுப் போகவில்லை. திரும்பி நின்று மீட்கத் தலைப்பட்டார். யூ-9இன் மின்கலங்கள் ஏறக்குறைய வற்றிவிட்டன. டோர்ப்பீடோக்களும் மூன்றே எஞ்சியிருந்தன. 7.20 மணிக்குப் பின்குழாய்களிலிருந்து இரண்டை ஏவினான் வெடிகன். ஒன்று தவறியது, மற்றொன்று பட்டது. பத்து நிமிடம் கழித்துக் கடைசி டோர்ப்பீடோவும் பாய்ந்தது. 7.55 மணிக்குக் கிரெசி மூழ்கியது. மற்றவரை ஏற்றச் சென்ற படகுகள் அதன் மாலுமிகளுக்கு உதவாமற் போயின. ஜோன்சனும் மாண்டார்.

ஒன்றரை மணி நேரம், ஆறு டோர்ப்பீடோக்கள், மூன்று கப்பல்கள். அம்மூன்றின் எடையைக் கூட்டினால் யூ-9இன் எடை அதில் எழுபதில் ஒரு பங்குதானும் வராது. மாண்டோர் 1,459 பேர். உயிர் தப்பியோர் 837 பேர். தப்பியவருட் பதினைந்து வயது மாணவனொருவன் இருந்தான். கிற் விக்கம் மஸ்கிரேவ் என்பது அவன் பெயர். அபூக்கிரிலிருந்து குதித்து நீந்தி ஹோக்கை அணுகினான், அது தாக்குண்டது. மறுபடியும் நீந்திக் கிரெசியில் ஏறினான், அதுவும் தாக்குண்டது. ஒரே காலையில் மூன்று கப்பல்கள் மூழ்கக் கண்ட அவன், ஒரு மரத்துண்டைப் பற்றி மிதந்து உயிர் பிழைத்தான்.

தப்பியவர்களைக் காப்பாற்றியோர் யார்? முதலில் வந்தது புளோரா என்னும் ஒல்லாந்து நாட்டுச் சிறிய வணிகக் கப்பல். ஒல்லாந்து அப்போரில் நடுநிலை வகித்த நாடு. மூன்று பெருங்கப்பல்கள் மூழ்கிய இடத்துக்குத் தன் கப்பலைக் கொண்டுசெல்லும் கடமை அதன் தலைவனுக்கு இல்லை; தானும் தாக்குறலாம் என்ற அச்சத்துக்கோ இடமிருந்தது. ஆயினும் சென்றான். 286 பேரை ஏற்றி ஐமாய்டன் துறைமுகத்திற் சேர்த்தான். அடுத்து டைற்றன் என்னும் மற்றோர் ஒல்லாந்துக் கப்பலும், பிரித்தானிய மீன்பிடிக் கலங்கள் இரண்டும், இறுதியாகப் பிரித்தானிய விரைவுகலங்களும் வந்து சேர்ந்தன.

யூ-9 மறுநாள் தாயகம் மீண்டது. ஜேர்மனி விழாக்கோலம் பூண்டது. வெடிகனுக்கு இரும்புச் சிலுவையின் இரு வகுப்புகளும், மாலுமிகள் ஒவ்வொருவருக்கும் இரண்டாம் வகுப்பும் அளிக்கப்பட்டன. பிரித்தானியாவிலோ முதலில் இதனை நம்பவே இயலவில்லை. பல நீர்மூழ்கிகள் கூடித் தாக்கியிருக்கவேண்டும் என்றே பலரும் எண்ணினர். விசாரணை மன்று கூடியது. நேர்க்கோட்டிற் சென்றமைக்காக டிரமண்டும், தெளிவான அறிவுரை வழங்காமைக்காகத் தளபதியும் குறைகூறப்பட்டனர். ஆயினும் பெரும்பழி அக்கப்பல்களை அங்கே நிறுத்திவைத்த கடற்படைத் தலைமையகத்தையே சார்ந்தது.

இவ்விடத்திலேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். அபூக்கிர் மூழ்கியது கவனக்குறைவினால் எனலாம். மற்றை இரண்டும் மூழ்கியது எதனால்? நின்றதனால். ஏன் நின்றன? காப்பாற்றுதற்காக. அவை அப்பொழுதே விரைந்து அகன்றிருந்தால், நீரடியில் எட்டு மைல் வேகமே உடைய யூ-9 அவற்றைத் தொடர்ந்திருக்க முடியாது. கடற்படைத் தலைமையகம் இதனை உணர்ந்து ஒரு கட்டளையைப் பிறப்பித்தது. இனித் தாக்குண்ட கப்பலை அதன் விதிக்கு விட்டுவிட்டுப் பெரிய கப்பல்கள் அபாய இடத்தினின்று அகலவேண்டும். உதவிக்குச் சிறிய கலங்களையே அழைக்கவேண்டும் என்பது அதன் கருத்து. மனித இயல்பான இரக்கம் போர் விதியினாற் குற்றமாக்கப்பட்டது. அக்கட்டளையை எழுதியவர் கொடியவரும் அல்லர். எண்ணிப் பார்த்தால் அது பல உயிர்களைக் காப்பாற்றிய கட்டளை. அதுவே இதன் கொடுமை.

யூ-9 அத்தோடு நிற்கவில்லை. அக்டோபர் 15ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் அபெடீன் நகருக்கு அப்பால் ஹாக் என்னும் பழைய குரூசரையும் மூழ்கடித்தது. 1911இல் ஒலிம்பிக் என்னும் பெரும் பயணக் கப்பலோடு மோதிப் பெயர்பெற்ற கப்பலே இந்த ஹாக். அன்று அதிலிருந்து தப்பியோர் எழுபது பேரளவினரே. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து, நீர்மூழ்கி புகுந்துவிட்டது என்ற பொய்ச்செய்தி ஒன்றினால், பிரித்தானியப் பெரும்படை ஸ்கபா புளோ என்னும் தன் தங்கிடத்தை விட்டே அகன்றது. அயர்லாந்தின் வடகரையிலுள்ள லொக் சுவில்லியிற் சில காலம் சென்று தங்கியது. உலகின் மிகப் பெரிய கடற்படையை அசைத்தது நீர்மூழ்கி என்னும் பேரச்சமே.

வெடிகனுக்குப் புரூசியாவின் மிக உயர்ந்த போர் விருதும் கிடைத்தது. 1915 தொடக்கத்தில் அவன் புதிய ‘யூ-29’ கலத்துக்கு மாற்றப்பட்டான். அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள், ஸ்கொத்லாந்தின் வடமுனையிலுள்ள பென்ட்லண்ட் நீரிணையிலே, டிரெட்நோட் என்னும் பெரும் போர்க்கப்பல் அக்கலத்தின்மேல் நேரே மோதி ஏறியது. வெடிகனும் அவனுடன் இருந்தோர் அனைவரும் மாண்டனர். அப்போது அவனுக்கு வயது முப்பத்திரண்டு. மணமாகி எட்டு மாதமும் நிறையவில்லை.

யூ-9ஐ அவனிடம் துணை அதிகாரியாயிருந்த யோஹன்னஸ் ஸ்பீஸ் ஏற்றான். 1915 மே மாதத்தில் வட கடலிலே பிரித்தானிய மீன்பிடிக் கலங்கள் பலவற்றை அது மூழ்கடித்தது. மீன்பிடிக் கலங்கள் கடலில் வீழ்ந்தோரைக் காப்பாற்றிய காலை கழிந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. அதே மே மாதத்தில் லுசிற்றானியா என்னும் பயணக் கப்பலை யூ-20 தாக்கியதில் ஏறக்குறைய 1,200 பேர் மாண்டனர்; அவர்களிற் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர். போர்க்கப்பலின்மேல் ஏவிய படைக்கலம் பொதுமக்களின்மேல் திரும்ப நெடுங்காலம் செல்லவில்லை. யூ-9 பின்னர் போல்டிக் கடலிற் சில காலம் பணிபுரிந்தது. 1916 ஏப்பிரலிற் பயிற்சிக் கலமாயிற்று. போர் முடிந்தபின், 1918ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1919இல் மோர்க்கம் நகரில் உடைக்கப்பட்டது. இரும்புச் சிலுவை பெற்ற கலம் பழைய இரும்பாக முடிந்தது. அது மூழ்கடித்த மூன்று குரூசர்களின் சிதைவுகளோ ஒல்லாந்துக் கரைக்கப்பால் கடலடியிற் கிடக்கின்றன.

அக்கட்டளையின் நிழல் இரண்டாம் உலகப் போரிலும் நீண்டது. 1942 செப்டெம்பரில் யூ-156 என்னும் ஜேர்மன் நீர்மூழ்கி, தான் மூழ்கடித்த லகோனியா என்னும் கப்பலிலிருந்து வீழ்ந்தோரைத் தானே மீட்டுக்கொண்டிருந்தது. அப்போது அமெரிக்க வானூர்தி ஒன்று அதன்மேற் குண்டு வீசியது. உடனே ஜேர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிற்ஸ், கடலில் வீழ்ந்தோரை மீட்கலாகாது என்று தம்மவர்க்குக் கட்டளையிட்டார். 1914இல் ஒரு பக்கத்தார் கற்ற பாடத்தை 1942இல் மறுபக்கத்தாரும் கற்றனர். முன்னது பெரிய கப்பல்களை மட்டும் விலக்கிச் சிறிய கலங்களை அழைக்கச் சொன்னது. பின்னது மீட்புக்கே தடைவிதித்தது.

திருவள்ளுவர் அருளுக்கு ஓர் அதிகாரமும் படைக்குத் தனி அதிகாரங்களும் வகுத்தவர். ஆயினும் படைவீரனின் பெருமிதத்தைப் பேசும் இடத்திலேயே, பகைவனுக்கு இடுக்கண் வந்தபோது உதவுதல் ஆண்மைக்குக் கூர்மை தருவதாகும் என்னும் கருத்தையும் வைத்துள்ளார். வீரத்தையும் அருளையும் அவர் ஒன்றுக்கொன்று பகையாக்கவில்லை. நீருக்கடியில் மறைந்து நின்று தாக்கும் படைக்கலம் அவ்விரண்டையும் பகையாக்கிவிட்டது. நின்று உதவுபவனே அடுத்த இலக்காகின்ற நிலையை அது உண்டாக்கியது.

இதற்கு உலகம் கண்ட விடை யாது? 1949இல் ஜெனீவாவில் நாடுகள் கூடிச் செய்த இரண்டாவது உடன்படிக்கை, கடற்போரில் காயமுற்றோரையும் கப்பலிழந்து நீரில் வீழ்ந்தோரையும் பற்றியது. ஒவ்வொரு மோதலின் பின்னும் இரு திறத்தாரும், காலம் தாழ்த்தாது, இயன்ற வழியெல்லாம் அவர்களைத் தேடி மீட்கவேண்டும் என்று அது விதிக்கின்றது. ‘இயன்ற வழியெல்லாம்’ என்ற தொடரைப் படிக்கும்போது, கிரெசியின் தளத்தில் நின்று கடல் முழுதும் தலைகளைக் கண்ட ஜோன்சனின் நிலை நம் நினைவுக்கு வருதல் இயல்பு. எது இயலும், எது இயலாது என்பதை அக்கணத்தில் அவரல்லாமல் வேறு யார் தீர்மானிக்க முடியும்?

நிக்கல்சனும் ஜோன்சனும் செய்தது சரியா, தவறா என்று மாணவர் வினவுவர். போர்நூல் தவறு என்கின்றது. அதனை மறுக்க இயலாது. ஆனால் அவர்கள் விட்டுச் சென்றிருந்தால் சரி என்று சொல்லவும் நா எழவில்லை. பிள்ளைகளோடு இவ்வினாவைப் பேசிப் பாருங்கள். பேசும்போது புளோராவின் தலைவனையும் மறவாதீர்கள். எந்தக் கட்டளையும் அவனை ஏவவில்லை. எந்த விருதையும் எதிர்நோக்கி அவன் செல்லவில்லை. 286 பேர் அன்று மாலை உலர்ந்த நிலத்திற் காலூன்றினர்.